ரேடியோ அக்காவை எடுத்துவிட்டால்

எங்கள் ஆய்வுக்கூடத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது நான் இல்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அது நிலைத்துவிட்டது. ரேடியோவையாவது திருகி அணைத்துவிடலாம், இவரை என்ன செய்வது என்பார் லிஃப்ட்காரர். அக்காவுக்கும் இது தெரியும். "ரேடியோன்னா சும்மாவா? நாலு பேரு கேக்குறாங்கன்னுதானே அர்த்தம்" என்று அதையும் ஒரு பட்டமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

சின்ன வயதிலிருந்தே அவருடைய வாய்தான் அவருக்கு எதிரி என்று எல்லோரும் சொல்லிவைத்திருந்தார்கள். பள்ளியில் ஒரு டீச்சர் "வாயை மூடு" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், கடைசியில் அவரைப் பின்பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார். அக்கா சுவரோடு பேசினார். வளர்ந்து ஒரு கம்பெனியில் டெலிபோன் இணைப்புக் கொடுக்கும் வேலைக்குப் போனார். ஒரு நாள் ஒரு அதிகாரி தன் மனைவியோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவர் நடுவில் நுழைந்து, "அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு சார்" என்றார். அன்று மாலையே சீட்டுக் கிழிந்தது. பிறகு துணிக்கடை. வாங்க வந்தவர்களிடம் "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதுங்க" என்று மனசாட்சிப்படி சொல்லி, அந்த வேலையையும் முடித்துக்கொண்டார்.

கணவர் பஸ் டிரைவர், வாயே திறக்காத மனிதர். ஒருமுறை என்னிடம், "பஸ்ல 'டிரைவருடன் பேசாதீர்கள்'னு எழுதியிருக்கும் தம்பி. வீட்டுலயும் எழுதி ஒட்டிப் பாத்தேன். அதைப் பத்தியே அரை நாள் பேசுனா" என்றார்.

இப்படி எல்லா இடத்திலும் வாயால் கெட்ட மனுஷி கடைசியாக வந்து சேர்ந்தது எங்கள் இடத்துக்கு. இங்கே கைக்குழந்தைகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறோம். கையில் ஊசி, மருந்து எதுவும் இல்லை. குழந்தை எதைப் பார்க்கிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதுதான் எங்கள் பிழைப்பு. குழந்தையோடு வரும் தாயை உட்காரவைத்து, சம்மதக் கையெழுத்து வாங்கி, குழந்தை பயம் தெளியும்வரை பார்த்துக்கொண்டு, உள்ளே அனுப்புவது அக்காவின் வேலை. உலகத்தில் அவரை வாயை மூடச் சொல்லாத ஒரே கூட்டம் இந்தக் குழந்தைகள்தான் என்று நான் கேலி செய்வேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை.

எங்கள் தலைவியை எல்லோரும் மேடம் என்போம். சுத்தம் என்றால் அவருக்கு ஒரு வெறி. யோசிக்கும்போதுகூட மேசையைத் துடைத்துக்கொண்டே யோசிப்பார். அவருடைய கண்டுபிடிப்புதான் எங்கள் கூடத்துக்குச் சோறு போட்டது. அது இவ்வளவுதான்: அரை இருட்டு அறையில், தாயின் மடியில் குழந்தை. எதிரே திரை. திரையில் முன்பின் தெரியாத ஒரு பெண். அவளுக்கு ஒரு பக்கம் மர வாத்து, மறுபக்கம் பந்து. அவள் வாத்தைப் பார்த்தால் குழந்தையும் வாத்தைப் பார்க்கிறதா? பார்க்கிறது என்றார் மேடம். ஆறேழு மாதக் குழந்தைகூட, திரையில் இருக்கும் அந்நியரின் கண் போன திசையில் தன் கண்ணைத் திருப்புகிறது. இது பாடப்புத்தகம்வரை போய்விட்டது. அந்தக் கண்கள் எத்தனை முறை எந்தப் பக்கம் போயின என்று வீடியோப் பதிவில் எண்ணிச் சரிபார்க்கும் ஆள் நான். அதனால் அக்காவுக்கு நான் கணக்குத் தம்பி.

பிறகு ஒரு பெரிய திட்டம் வந்தது. பல ஊர்களில் இருக்கும் கூடங்கள் சேர்ந்து, மேடத்தின் சோதனையை அப்படியே திருப்பிச் செய்து பார்ப்பது. எதையும் மூடிவைக்கக் கூடாது என்பது அதன் விதி. என்ன செய்யப்போகிறோம், எப்படி எண்ணப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட வேண்டும். மேடம்தான் இதற்கு முதல் ஆளாகக் கை தூக்கினார். அதை நான் இப்போதும் மதிக்கிறேன். மற்றவர்கள் பார்த்துச் செய்வதற்காக, வாசலிலிருந்து திரைவரை எங்கள் வேலை நடக்கும் விதத்தைப் படம்பிடித்துப் போடவும் சம்மதித்தார்.

படம் எடுக்கும் முன் கூடமே தலைகீழானது. சுவருக்கு வெளிர்நீலப் பெயிண்ட் அடித்தார்கள். என் மேசையில் இருந்த கப்பைக்கூட ஒளித்துவைத்தார்கள். அக்கா புது உடுப்பில் வந்தார். கேமராவைக் கண்டதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, முக்கியமாக வாய் ஓடவில்லை. பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து, தாளை நீட்டி, கையெழுத்து வாங்கி, "உள்ள போங்க" என்றார். அவ்வளவுதான். மேடத்துக்குப் பரம திருப்தி. "எவ்வளவு நேர்த்தியா இருக்கு பாருங்க" என்று எங்களிடம் காட்டினார்.

அந்தப் படத்தைப் பார்த்து அத்தனை கூடங்களும் சோதனையைச் செய்தன. ஒன்றிலும் முடிவு வரவில்லை. திரைப்பெண் எங்கே பார்த்தாலும் குழந்தைகள் தங்களுக்குத் தோன்றியதைப் பார்த்தன. முதல் கூடம் தோற்றபோது அவர்களுக்குச் செய்யத் தெரியவில்லை என்று நினைத்தேன். வரிசையாகத் தோற்றபோது எனக்கே சந்தேகம் வந்தது. எங்கள் எண்களை நாங்களே சமைத்துவிட்டதாக யாரோ ஒரு மகானுபாவர் எழுதினார். கோபத்தில் பழைய பதிவுகளையெல்லாம் திரும்ப எடுத்து எண்ணினேன். எண்ணிக்கையில் ஒரு பிசகும் இல்லை. எங்கள் குழந்தைகள் உண்மையிலேயே பார்த்திருந்தார்கள்.

மேடம் மேசையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். முடிவு பொய் என்று ஆனால் மேடம் அதைப் பற்றி வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், எங்கள் குழந்தை ஆராய்ச்சிப் பிரிவையே மூடிவிடுவார்கள். நான் எங்காவது எண்களைப் பார்த்துப் பிழைத்துக்கொள்வேன். அக்காவுக்கு வேறு எந்த வாசலில் இடம் கிடைக்கும்? அவரிடம் அதைச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

தோற்ற கூடங்களில் ஒன்றின் ஆராய்ச்சியாளரை மேடமே அழைத்தார். நேரில் வந்து பாருங்கள், நாங்கள் செய்வதில் என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள் என்று. அந்த விருந்தாளி தன் கைக்குழந்தையோடு வந்தார். வாசல் அறை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். அவர் வருவதற்கு முன் மேடம் அக்காவிடம் ஒன்று சொல்லியிருந்தார்: "அக்கா, அந்தப் படத்துல இருந்தீங்களே, அதே மாதிரி இருங்க." அக்கா அப்படியே இருந்தார். பாவம், உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு இருந்தார்.

எங்கள் கூடத்திலேயே முடிவு வரவில்லை. திரைப்பெண் வாத்தைப் பார்த்தால் வந்த குழந்தைகள் பந்தையோ சுவரையோ பார்த்தன. எங்கள் வீட்டு அடுப்பிலேயே எங்கள் சோறு வேகாத நிலைமை. விருந்தாளி நல்லவர், தன் குறிப்பேட்டை மூடிவைத்தார். மேடம் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். அன்று கட்டுரை போய்விட்டது என்றே முடிவுகட்டிவிட்டேன்.

மறுநாள் மதியம் விருந்தாளி கை கழுவப் போயிருந்தார். அவர் குழந்தை வீல் என்று அலறியது. நான் சாப்பாட்டு டப்பாவோடு வந்துகொண்டிருந்தேன். அக்கா இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை என்று நினைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். முந்தின நாளிலிருந்து அடக்கிவைத்த பேச்சு மடை திறந்தது.

"என்னடா ராஜா, யாரு அடிச்சா? அங்க பாரு, ஃபேனு! சுத்துது பாரு, வேலை இல்லாம சுத்துது. இங்க பாரு, யாரோட செருப்பு இது? ஒண்ணு கிழக்க போகுது, ஒண்ணு மேற்க போகுது. அங்க பாரு, ஜன்னலு! ஜன்னல்ல என்ன? ஒண்ணும் இல்ல. அடடா, ஒண்ணும் இல்லியே!"

ஒவ்வொரு முறையும் அக்கா முதலில் குழந்தையின் கண்ணைப் பார்த்தார். பிறகு தன் கண்ணை ஃபேனுக்குக் கொண்டுபோனார். குழந்தை அழுகையை நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தது, ஃபேனைப் பார்த்தது. முகம், செருப்பு. முகம், ஜன்னல். நான் டப்பாவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் விருந்தாளியும் ஈரக் கையோடு நின்றிருந்தார்.

"அக்கா, வர்ற எல்லாக் குழந்தைங்களோடயும் இப்படித்தான் பேசுவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார் அவர்.

அக்காவுக்கு முகம் வெளிறிப்போனது. "இல்லம்மா. வேலை நேரத்துல நான் பேசவே மாட்டேன். தம்பியக் கேளுங்க."

தம்பி நான் என்ன சொல்வேன்? அக்கா பேசுவது எங்களுக்கு அந்த ஃபேன் ஓடுவது மாதிரி. ஃபேன் ஓடியது என்று யாராவது எழுதிவைப்பார்களா? நேராக உள்ளே போய்ப் பழைய பதிவுகளைத் திறந்தேன். கண்களை எண்ணும்போது சத்தத்தை அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். சத்தம் கேட்டால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சத்தத்தை வைத்தேன். குழந்தை அறைக்குள் வருவதற்குச் சற்று முன்பே கேமரா ஓடத் தொடங்கியிருந்தது. கதவுக்கு வெளியிலிருந்து, பதிவுக்குப் பதிவு, அதே குரல்: அங்க பாரு, இங்க பாரு, அங்க பாரு.

குழந்தைகள் திரைக்கு முன்னால் உட்காரும் முன்பே, இன்னொருவர் கண் போன திசையில் பார்ப்பது ஒரு நல்ல விளையாட்டு என்று கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். படத்தில் அந்தப் பகுதியே இல்லை. எதையும் மறைக்கக் கூடாது என்று எடுத்த படத்தில், அழகுக்காக அந்த ஒன்றை மட்டும் துடைத்து எடுத்துவிட்டோம்.

மேடத்தின் அறையில் அவரும் விருந்தாளியும் நானும் உட்கார்ந்தோம். மேடம் பதிவுகளை ஒருமுறை தானும் போட்டுக் கேட்டார். பிறகு, "'சோதனைக்கு முன் குழந்தைகள் சூழலுக்குப் பழக்கப்படுத்தப்பட்டனர்' அப்படின்னு கட்டுரையில ஒரு வரி சேர்த்துடலாமா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "பூசி மெழுகுறதுக்கு இது என்ன சுவரா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் குரலை உயர்த்தியது உறைத்தது.

விருந்தாளி நடுவில் வந்தார். "சுவருன்னதும் ஞாபகம் வருது. உங்க படத்தைப் பாத்துட்டு நாங்களும் எங்க சுவருக்கு அதே வெளிர்நீலம் அடிச்சோம் மேடம். கடை கடையா அலைஞ்சு அதே நீலம் வாங்கினோம்."

மேடம் அவரைப் பார்த்தார். உதடு துடித்தது. முதலில் சிரித்தார், அடக்க முடியாமல் சிரித்தார், பிறகு அழுதார். அழுது முடித்து, மேசையை ஒரு துடை துடைத்துவிட்டு, கணினியை இழுத்து எழுத உட்கார்ந்தார். எங்கள் படம் நாங்கள் வேலை செய்யும் விதம் அல்ல, கேமராவுக்குப் பயந்து எங்கள் வரவேற்பாளர் பேசாமல் இருந்ததை அழகு என்று விட்டுவைத்தோம், அவர் பேச்சு சோதனையின் பகுதி என்பது எங்களுக்கே தெரியாது, மற்ற கூடங்களின் உழைப்பு வீணானதற்கு நாங்கள் காரணம். ஒரு சொல்லையும் மழுப்பவில்லை. அன்றே எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட்டார். அந்த மனுஷி மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

ஆனால் மறுநாள் அக்கா வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. நான் அவர் வீட்டுக்குப் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு. கணவர் கதவைத் திறந்து, என்னை வெளியிலேயே நிறுத்திக் கிசுகிசுத்தார்.

"வீடு ரொம்ப அமைதியா இருக்கு தம்பி. எனக்குப் பயமா இருக்கு."

அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "நான்தான் கெடுத்துட்டேன், இல்ல?" என்றார். "சின்ன வயசுலேந்து எல்லாரும் சொன்னாங்க, இந்த வாய் உன்னைக் கெடுக்கும்னு. என்னைக் கெடுத்தாப் பரவால்ல. மேடத்தையும் கெடுத்துடுச்சு."

"நீங்க கெடுக்கல அக்கா. நீங்க பேசாம இருந்ததுதான் கெடுத்துச்சு."

அவர் நம்பவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வராது, எண்ணத்தான் வரும். அதனால் புதுத் திட்டத்தைச் சொன்னேன். எல்லாக் கூடங்களும் மறுபடி செய்யப்போகின்றன. பாதிக் குழந்தைகளுக்கு வாசலில் பேச்சு உண்டு, பாதிக்கு இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு எந்தக் குழந்தை எது என்று தெரியாது. எல்லாம் முடியும்வரை யாரும் கூட்டிப் பார்க்கக் கூடாது. "நீங்க கெடுத்தீங்களா இல்லையான்னு நானும் சொல்ல வேணாம், நீங்களும் சொல்ல வேணாம். குழந்தைங்க சொல்லட்டும். ஆனா நீங்க எப்படிப் பேசுறீங்கன்னு மத்தவங்க பாக்கணும். கேமரா முன்னாடி பேசணும்."

"கேமராவைப் பாத்தா எனக்கு நாக்கு ஒட்டிக்குதே தம்பி."

வாசற்படியிலிருந்து டிரைவர் குரல் வந்தது. "போய்ப் பேசும்மா. கேக்க ஆளு இல்லாம எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

அக்காவின் சம்மதத்தோடு வாசல் அலமாரியில் ஒரு கேமராவை வைத்தோம். வரும் தாய்மார்களிடமும் கேட்டுக்கொண்டோம். முதல் சில நாள் அக்கா குழந்தையிடம் செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசினார். குழந்தைகள் கொட்டாவி விட்டன. பிறகு ஒரு பயல் அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வீசினான். அதைத் தேடும் அவசரத்தில் கேமரா அவருக்கு மறந்துபோனது. அதன் பிறகு வந்ததுதான் அசல் ஒலிபரப்பு. மற்ற கூடங்களின் வாசலில் இருந்தவர்கள் அதைப் பார்த்து, அவரவர் மொழியில் பேசப் பழகினார்கள்.

எல்லாக் கூடங்களும் முடித்த பிறகு, திரையில் எல்லோரும் கூடியிருக்க, நான் கூட்டிக் காட்டினேன். பேசப்பட்ட குழந்தைகள் திரைப்பெண்ணின் கண்ணைப் பின்தொடர்ந்தன. பேசப்படாதவை பின்தொடரவில்லை. சில கூடங்களில் வித்தியாசம் கொஞ்சம்தான், இரண்டில் ஒன்றுமே இல்லை. அவற்றையும் அப்படியே போட்டோம். மேடத்தின் பழைய கண்டுபிடிப்பு கொஞ்சம் சிறுத்துத்தான் போனது. குழந்தை தானாக அந்நியரைப் பின்தொடர்வதில்லை, முதலில் யாராவது ஒருவர் அதோடு விளையாடியிருக்க வேண்டும். ஆனால் இது நிற்கிறது. யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். பிரிவை மூடும் பேச்சும் அடங்கியது.

கட்டுரைக்குப் பெயர்ப் பட்டியல் போடும் நாளில் மறுபடி எல்லோரும் திரையில் கூடினோம். ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் அவர் என்ன செய்தார் என்று எழுத வேண்டும். பெரிய கூடம் ஒன்றின் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வாசல்ல உக்காந்திருக்கறவங்களைப் பட்டியல்ல சேக்குறது வழக்கம் இல்லையே. கடைசியில நன்றி சொல்லிடலாமே?"

நான் வாயைத் திறக்கும் முன் மேடம் திறந்துவிட்டார்.

"சார், இந்தப் பட்டியல்ல என்னை எடுத்துட்டா முடிவு நிக்குமா? தெரியாது. யாரும் சோதிச்சுப் பாக்கல. உங்களை எடுத்துட்டா? அதுவும் தெரியாது. இவங்க பேச்சை மட்டும்தான் எடுத்துட்டுப் பாத்திருக்கோம். அதுவும் இத்தனை ஊர்ல, பாதிப் பாதிக் குழந்தைங்களை வெச்சு. எடுத்தா விழுது. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

திரையில் விருந்தாளியின் சதுரத்தில் அவர் சிரிப்பதும், மடியில் அவர் குழந்தை எழும்பி நிற்பதும் தெரிந்தது. அக்காவோடு, எல்லாக் கூடங்களிலும் வாசலில் பேசியவர்கள் அத்தனை பேரும் பட்டியலில் ஏறினார்கள்.

அக்காவின் பேச்சு முழுவதையும் எழுத்தாக்கிக் கட்டுரையோடு சேர்ப்பதாக இருந்தது. அதில் ஒரு இடத்தில் அவர் ஒரு குழந்தையிடம், "உள்ள ஒரு மேடம் இருக்காங்க. துடைச்சுத் துடைச்சு மேசையே பாதியாத் தேஞ்சுபோச்சு. அங்க பாரு, மேசை!" என்று சொல்லியிருந்தார். அதை எடுத்துவிடலாமா என்று மேடத்திடம் கேட்டேன். அவர் படித்தார். கையில் இருந்த துணியைப் பார்த்தார்.

"ஒரு எழுத்தையும் எடுக்காதீங்க" என்றார்.

கட்டுரை வெளிவந்த அன்று அதை அக்காவின் மேசைக்கு எடுத்துப்போனேன். அவர் பெயரையும், பக்கத்தில் 'குழந்தைகளோடு பேசினார்' என்று இருந்ததையும் காட்டினேன். அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். மேடம் சொன்னதையும் சொன்னேன், அவரை மட்டும்தான் எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறோம் என்று.

"அப்போ மத்தவங்களையும் எடுத்துட்டுப் பாக்கணும்ல? முதல்ல உங்களை எடுத்துட்டுப் பாக்கச் சொல்லுங்க தம்பி."

"சொல்றேன் அக்கா."

அவர் மறுபடி அந்த வரியைப் படித்தார். சிரிப்பு போய் முகம் வேறு மாதிரி ஆனது.

"இதைக் காசு கொடுத்து வாங்கணுமா?"

"வேணாம் அக்கா. யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாம். அதுக்குத்தானே இவ்வளவும்."

"யாருன்னா? எங்க டீச்சர்கூடவா? என்னைப் பின்பெஞ்சுல உக்காரவெச்சாங்களே."

"அவங்களும் பாக்கலாம்."

"உசுரோட இருப்பாங்க தம்பி, ரொம்ப வயசு ஆயிருக்காது" என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் கதவு திறந்தது. ஒரு தாய் குழந்தையோடு தயங்கி நின்றார். அக்கா என் கையில் இருந்த தாளை வாங்கித் தன் மேசைமேல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிட்டு எழுந்துபோனார்.

"வாடா என் ராஜா, வா. அங்க பாரு, யாரு பேரு அது?"